ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு வீட்டுப்பாடம் கொடுக்கலாம்?

எல்லாப் பாடங்களும் சேர்த்து ஒன்றரை மணி நேரம். பொதுத்தேர்வு நெருங்கும்போது இரண்டு. அதற்கு மேல் கொடுப்பதைப் பிள்ளைகள் செய்வதில்லை, பார்த்து எழுதுகிறார்கள்.

கேள்வி கேட்டவர், பத்தாம் வகுப்புப் படிக்கும் தன் மகள் இரவு 11 மணி வரை எழுதியும் முடிக்க முடியவில்லை என்று சொல்லியிருக்கிறார். நான் திருப்பூர் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் 19 ஆண்டுகளாகக் கணக்கு எடுக்கிறேன். பிள்ளைகளை 11 மணி வரை உட்கார வைத்த ஆசிரியைகளில் நானும் ஒருத்தி.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், பாடம் முடிந்ததும் பயிற்சியில் உள்ள கணக்கு அத்தனையையும் போட்டு வரச் சொல்லிவிடுவேன். மறுநாள் நோட்டுகள் மேசையில் குவிந்திருப்பதைப் பார்க்கவே பெருமையாக இருக்கும். ஒரு நாள் இருபடிச் சமன்பாடு திருத்திக்கொண்டிருந்தேன். மூலங்கள் 7, 10 என்று வரும் எளிய கணக்கு. நடு உறுப்பின் கெழு 17 இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நோட்டில் 11 என்று இருந்தது. அடுத்த நோட்டிலும் 11. மொத்தம் 19 நோட்டுகளில் 11. மாறிலி 70-ஐ வைத்துக்கொண்டு நடுவில் 11 போட்டால் அந்தச் சமன்பாட்டுக்கு மெய் மூலமே கிடையாது. ஆனால் 19 பேரும் அடுத்த வரியில் தயங்காமல் காரணிப்படுத்தி, விடை 7, 10 என்று அடிக்கோடிட்டிருந்தார்கள்! வகுப்பில் நன்றாகப் படிக்கும் பெண் ஒருத்தி எழுதிய 7, பேனா மை மங்கி 1 போலத் தெரிந்திருக்கிறது. காலையில் பிரார்த்தனைக்கு முன் அந்த நோட்டு கைமாறிக் கைமாறிப் போயிருக்கிறது.

திட்டினேன். அன்று மாலை வீட்டில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வகுப்பில் 45 பேர். ஆளுக்குப் பத்துக் கணக்கு என்றால் 450. ஒன்றைப் படிகளோடு பார்க்க அரை நிமிடம் என்று வைத்தாலும் 225 நிமிடம், அதாவது மூன்றே முக்கால் மணி நேரம். எனக்கு அப்போது இரண்டு பிரிவுகள். எனவே நான் எதைச் செய்துகொண்டிருந்தேன் என்பது உங்களுக்கே தெரியும். பக்கத்தின் கீழே சிவப்பு மையில் ஒரு டிக், தேதி, கையெழுத்து. அவர்கள் பார்த்து எழுதினார்கள், நான் பார்க்காமல் திருத்தினேன். அந்த 11 என் கண்ணில் பட்டதே தற்செயல்தான்.

அன்றிலிருந்து மூன்று கணக்குக்கு மேல் கொடுப்பதில்லை. 45 பேருக்கு 135 கணக்கு, ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே ஆகும். ஒரு ஓய்வுப் பாடவேளையும் மதிய உணவுக்குப் பிறகு கொஞ்ச நேரமும் போதும். எவ்வளவு கொடுக்கலாம் என்று பிள்ளையின் நேரத்தை வைத்தே எல்லாரும் பேசுகிறார்கள். திருத்துகிறவரின் நேரத்தையும் வைத்துப் பார்த்தால் அளவு தானாகவே பாதியாகிவிடும்.

இரண்டு மணி நேரம் என்ற வரம்பு என் சொந்தக் கற்பனை அல்ல. 2018-இல் சென்னை உயர் நீதிமன்றம் 1, 2-ஆம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று சொன்னது பலருக்கு நினைவிருக்கும். 2020-இல் மத்திய அரசு வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கை, 9 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்கு நாளொன்றுக்கு அதிகபட்சம் 2 மணி நேரம் என்று சொல்வது யாருக்கும் நினைவில்லை. பைகளின் எடைதான் செய்தியானது. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தின் ஹாரிஸ் கூப்பர் பல ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் வெளியிட்டதிலும் ஏறக்குறைய இதே எல்லைதான் வருகிறது: உயர்நிலை வகுப்புகளில் வீட்டுப்பாடத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு உண்டு, ஆனால் இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் கூடுதல் பயன் தென்படவில்லை.

வீட்டுப்பாடம் நிறைய வேண்டும் என்பவர்கள் ஷாங்காயைப் பார் என்றும், குறைக்க வேண்டும் என்பவர்கள் ஃபின்லாந்தைப் பார் என்றும் உதாரணம் காட்டுவது வழக்கம். பல நாடுகளின் 15 வயதுப் பிள்ளைகள் எழுதும் பீசா (PISA) தேர்வின்போது 2012-இல் கேட்டதில், ஷாங்காயின் 15 வயதுப் பிள்ளைகள் வாரத்துக்கு 13.8 மணி நேரம் வீட்டுப்பாடம் செய்தார்கள். ஃபின்லாந்தில் 3 மணிக்கும் குறைவு. இரு இடத்துப் பிள்ளைகளும் நன்றாகத்தான் எழுதினார்கள். தென்கொரியாவிலும் ஏறக்குறைய 3 மணிதான். அங்கே டியூஷன் எவ்வளவு என்பதைச் சேர்க்காமல் அந்த எண்ணைச் சொல்வதில் பொருளில்லை. நம் ஊருக்கும் அது பொருந்தும்.

நம் பிள்ளையின் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி நாலேகாலுக்கு விடுகிறது. பத்தாம் வகுப்புக்கு ஐந்தரை வரை சிறப்பு வகுப்பு. பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தால் ஆறரை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை அங்கிருந்து டியூஷனுக்குப் போய் எட்டரைக்குத் திரும்பும். என் வகுப்பில் பலருக்கு டியூஷன் இல்லை, வேறு வேலை இருக்கிறது. கம்பெனியிலிருந்து மூட்டையாக வந்திறங்கிய பனியன்களுக்கு அம்மாவோடு உட்கார்ந்து பிசிறு வெட்ட வேண்டும். எண்ணிக்கைக்குக் கூலி. அந்த மூட்டை முடிந்த பிறகுதான் கணக்கு நோட்டு வெளியே வரும். இந்தப் பிள்ளையிடம் காலையில் 'ஏன் முடிக்கவில்லை' என்று கேட்க இப்போது எனக்கு வாய் வருவதில்லை.

பெரும்பாலான ஆசிரியர்கள் கொடுமைக்காரர்கள் அல்லர். யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். ஆறு ஆண்டுகளுக்கு முன் நான் பத்தாம் வகுப்புக்கு வகுப்பாசிரியையாக இருந்தபோது கரும்பலகையின் இடது மூலையில் கட்டம் போட்டு, அவரவர் கொடுக்கும் வீட்டுப்பாடத்துக்கு ஆகும் நிமிடத்தை எழுதச் சொன்னேன். முதல் புதன்கிழமை: தமிழ் 30, ஆங்கிலம் 45, கணக்கு 50, அறிவியல் 60, சமூக அறிவியல் 45. கூட்டினால் 230 நிமிடம். அதுவும் நாங்கள் எழுதிய நிமிடம், பிள்ளைக்கு ஆகும் நிமிடம் அல்ல. ஆசிரியர் அறையில் முதலில் மனவருத்தம்தான். 'உங்கள் பாடத்துக்கு மட்டும் 50 எதற்கு' என்று கேட்டார்கள், நியாயமான கேள்வி. ஒரு வாரம் முறைத்துக்கொண்டோம். பிறகு ஒரு நாளைக்கு மூன்று பாடம், பாடத்துக்கு 30 நிமிடம் என்று முடிவானது. மேலே நான் சொன்ன ஒன்றரை மணி நேரம் அங்கிருந்து வந்ததுதான்.

ஐந்து முறை எழுதி வருவது, புத்தகத்தில் உள்ள விடையை அப்படியே நோட்டுக்கு மாற்றுவது போன்றவற்றை நான் வீட்டுப்பாடமாகவே எண்ணுவதில்லை. ப்ராஜெக்ட் பற்றிப் பேசவே வேண்டாம். ஜெராக்ஸ் கடையில் தலைப்பைச் சொன்னால் அட்டை போட்டுக் கையில் கொடுக்கிறார்கள். என் மகனுக்காக நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தெர்மோகோலில் மழைநீர் சேகரிப்புத் தொட்டி வெட்டியிருக்கிறேன். எனக்கு 10-க்கு 9.

பெற்றோர்களும் சும்மா இருப்பதில்லை. 'எப்போது பார்த்தாலும் போனைத்தான் வைத்திருக்கிறான், நிறைய எழுதக் கொடுங்கள் டீச்சர்' என்று கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம், குறைக்கச் சொல்லி வருகிறவர்களை விட. போனைப் பிடுங்குகிற வேலையை என் மூன்று கணக்குகளிடம் ஒப்படைத்தால் அவை என்ன செய்யும்?

உங்கள் மகளை ஒரு வாரம் ஒரு தாளில் குறித்துவைக்கச் சொல்லுங்கள்: எந்தப் பாடம், எத்தனை மணிக்குத் தொடங்கினாள், எப்போது முடித்தாள், மறுநாள் அதை யாராவது திருத்தினார்களா. அதை எடுத்துக்கொண்டு வகுப்பாசிரியரைப் பாருங்கள். எடுத்த எடுப்பில் தலைமை ஆசிரியரிடம் போனால் மற்றவர்கள் முகம் சுருங்கிவிடும். அதுவரை, பத்து மணிக்கு மேல் மிச்சம் இருந்தால் நோட்டை மூடச் சொல்லிவிட்டு, கீழே 'இதற்கு மேல் முடியவில்லை' என்று எழுதி நீங்களே கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். எனக்கு அப்படி இரண்டு நோட்டுகள் வந்திருக்கின்றன. முதல் நோட்டைப் பார்த்ததும் கோபம்தான் வந்தது. அன்று மாலை கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த மூன்று கணக்கையும் நானே போட்டேன். எனக்கே 26 நிமிடம் ஆனது.