மருத்துவமனை நிர்வாகப் படிப்பு: மலையிலிருந்து வந்த கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் பக்கமிருந்தும் வந்தவை. எம்.பி.ஏ. மருத்துவமனை மேலாண்மையோ எம்.எச்.ஏ.வோ (மருத்துவமனை நிர்வாக முதுகலைப் படிப்பு) படிப்பவர்களும், சேர நினைப்பவர்களும் எழுதியிருக்கிறார்கள். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் முடித்து எட்டு வருடமாக வார்டில் வேலை செய்கிறேன். வேலையை விடாமல் தொலைநிலைக் கல்வியில் எம்.பி.ஏ. மருத்துவமனை மேலாண்மை படிக்கலாமா? (குன்னூர்)

படிக்கலாம். பணம் கட்டும் முன் பல்கலைக்கழகம், படிப்பு, கல்வியாண்டு மூன்றும் யு.ஜி.சி. தொலைநிலைக் கல்விப் பிரிவின் அனுமதிப் பட்டியலில் இருக்கின்றனவா என்று நீங்களே பாருங்கள். போன வருடம் இருந்தது என்றால் போதாது, நீங்கள் சேரும் பருவத்துக்கு இருக்க வேண்டும். ஏஜென்ட் காட்டும் ஜெராக்ஸ் கடிதத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

வார்டு உங்களுக்குத் தெரியும், கணக்குத்தான் தெரியாது. முதல் செமஸ்டரிலேயே அதைச் சரிசெய்யுங்கள். உங்கள் வார்டையே எடுத்துக்கொண்டு ஒரு மாதச் சம்பளம், மருந்தல்லாத பொருட்கள், சலவை, சாப்பாடு, மின்சாரத்தில் வார்டின் பங்கு எல்லாவற்றையும் கூட்டி, அந்த மாதத்து நோயாளி நாட்களால் (தினமும் வார்டில் இருந்த நோயாளிகளின் எண்ணிக்கையைக் கூட்டி வருவது) வகுத்தால் ஒரு படுக்கையின் ஒரு நாள் செலவு வரும். இந்தக் கணக்கை ஒருமுறை சொந்தமாகப் போட்டவருக்குச் செலவுக் கணக்கியல் பாடம் பயமுறுத்தாது.

கேள்வி: எனக்கு ஒரு கல்லூரியில் சீட் கிடைத்திருக்கிறது. நல்ல கல்லூரியா? சேரலாமா? (கோத்தகிரி)

எந்தக் கல்லூரி, எந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ், என்ன படிப்பு என்று ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. இதற்கு யார் பதில் சொல்ல முடியும்? கல்லூரியிடம் நீங்களே கேளுங்கள். மருத்துவமனைப் பயிற்சி மொத்தம் எத்தனை வாரம், எந்த மருத்துவமனையில், ஒப்பந்தம் கையெழுத்தாகி இருக்கிறதா? பாடம் எடுப்பவர்களில் மருத்துவமனையில் வேலை பார்த்தவர்கள் எத்தனை பேர்? போன வருடம் முடித்தவர்கள் எந்தப் பதவியில் சேர்ந்தார்கள்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொல்வது சேர்க்கை முடிந்த மறுநாள் மாறிவிடும்.

கேள்வி: படுக்கை நிரம்பல் விகிதத்துக்கு நான் போட்ட விடையும் மருத்துவமனை சொல்லும் எண்ணும் ஒத்துவரவில்லை. (ஊட்டி)

60 படுக்கை, 30 நாள் என்றால் 1800 படுக்கை நாட்கள். நள்ளிரவுக் கணக்கெடுப்புகளைக் கூட்டினால் 1260 நோயாளி நாட்கள் என்று வைத்துக்கொள்வோம். நிரம்பல் 70 சதவீதம். டிஸ்சார்ஜ் 315 என்றால் சராசரித் தங்கல் 4 நாள், ஒருவர் போய் அடுத்தவர் வரும்வரை படுக்கை காலியாகக் கிடப்பது சுமார் 1.7 நாள். விடை மாறுவதற்கு வழக்கமான காரணங்கள் மூன்று. டே கேர் (அன்றே வந்து அன்றே போகும்) நோயாளிகளை எண்ணிக்கையில் சேர்த்திருப்பார்கள், அனுமதி பெற்ற படுக்கைக்குப் பதில் போட்டுவைத்த படுக்கையால் வகுத்திருப்பார்கள், அல்லது அவசரப் பிரிவுக் கட்டில்களை ஒரு பக்கம் சேர்த்து மறுபக்கம் விட்டிருப்பார்கள். ஊட்டியில் இன்னொன்றும் உண்டு. ஏப்ரல், மே சீசன் மாதங்களை மட்டும் எடுத்து ஆண்டு முழுவதற்கும் முடிவு சொல்லாதீர்கள்.

கேள்வி: ப்ராஜெக்டுக்கு "நோயாளிகளின் திருப்தி பற்றிய ஆய்வு" என்று தலைப்பு எடுத்திருக்கிறேன். கேள்வித்தாளும், முடிந்தால் ஒரு மாதிரி அறிக்கையும் அனுப்ப முடியுமா? (கூடலூர், இதே வேண்டுகோள் இன்னும் சில ஊர்களிலிருந்தும்)

மாதிரி அறிக்கை அனுப்ப மாட்டேன். தலைப்பையும் மாற்றச் சொல்கிறேன். காரணத்தை விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த ஆய்வு எப்படி நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். நூறு கேள்வித்தாள், ஐந்து புள்ளி அளவுகோல். கையில் சலைன் ஏறிக்கொண்டிருக்கும் ஒருவரிடம், பக்கத்தில் சிஸ்டர் நிற்கும்போதே, "சேவை எப்படி இருக்கிறது?" என்று கேட்பது. நாளைக்கும் அதே சிஸ்டர்தான் ஊசி போட வேண்டும் என்பது படுத்திருப்பவருக்குத் தெரியும். அவர் வேறென்ன சொல்வார்? கூடலூர், பந்தலூர் பக்கம் இன்னும் மோசம். வீட்டில் பணியர் என்ற ஆதிவாசிகளின் மொழி பேசுகிற ஓர் அம்மாவுக்குப் புத்தகத் தமிழில் அச்சடித்த தாளைக் கொடுத்தால், கடைசியில் மாணவரே டிக் போட்டுவிடுகிறார். பிறகு வயதுக்கும் திருப்திக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்கும் கை-வர்க்கச் (கை-ஸ்கொயர்) சோதனை, நாற்பது பக்கம் பை விளக்கப்படம். அந்த அறிக்கையைப் படித்துவிட்டு மருத்துவமனை ஒரு நாற்காலியைக்கூட இடம் மாற்றி வைக்க முடியாது. இரண்டு வருடப் படிப்பில் ஒரு மருத்துவமனையின் உள்ளே போய் அளந்து பார்க்கக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு இது. அதை இப்படிக் கரைப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

நேரத்தை அளங்கள். டிஸ்சார்ஜ் தாமதம் நல்ல விஷயம். ஒரே வார்டு, நான்கு வாரம், அந்த வார்டின் எல்லா டிஸ்சார்ஜும். வசதியானதை மட்டும் பொறுக்காதீர்கள். 150 கிடைத்தால் தாராளம். ஒவ்வொருவருக்கும் டாக்டர் "போகலாம்" என்று எழுதிய நேரம், சம்மரி கையெழுத்தான நேரம், மிச்ச மருந்து ஃபார்மசிக்குத் திரும்பிய நேரம், இறுதி பில், காப்பீட்டுக்குக் கோரிக்கை போன நேரம், ஒப்புதல் வந்த நேரம், நோயாளி படுக்கையை விட்ட நேரம், படுக்கை அடுத்தவருக்குத் தயாரான நேரம் என்று எட்டு நேரங்களைக் குறியுங்கள். ஆரம்பிக்கும் முன் வார்டுக் கடிகாரம், பில்லிங் கணினி, உங்கள் கைபேசி மூன்றிலும் ஒரே நேரம் காட்டுகிறதா என்று பாருங்கள். பத்து நிமிட வித்தியாசம் இருந்தாலே பில் போட்ட பிறகு சம்மரி வந்ததாகத் தரவு சொல்லும்.

ரொக்கம், தனியார் காப்பீடு, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் மூன்றையும் தனித்தனியாகப் பிரியுங்கள். சராசரி போடாதீர்கள். ஒருவருக்கு ஒன்பது மணி நேரம் ஆனால் சராசரியே சாய்ந்துவிடும். இடைநிலை மதிப்பும் (எல்லா நேரங்களையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது), பத்தில் ஒன்பது பேர் எத்தனை மணிக்குள் போனார்கள் என்பதும் போதும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 சுற்றறிக்கைப்படி கேஷ்லெஸ் முன் அனுமதிக்கு ஒரு மணி நேரம், டிஸ்சார்ஜ் ஒப்புதலுக்கு மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரம் மருத்துவமனையின் கோரிக்கை போய்ச் சேர்ந்த பிறகுதான் தொடங்குகிறது. டாக்டர் காலை பத்து மணிக்கு எழுதி, கோரிக்கை மதியம் இரண்டு மணிக்குப் போனால், அந்த நான்கு மணி நேரத்துக்குக் காப்பீட்டு நிறுவனத்தைக் குறை சொல்ல முடியாது. பல இடங்களில் தாமதம் ஒளிந்திருப்பது அங்கேதான்.

பிறகு ஒரு மாற்றம் செய்து பாருங்கள். மறுநாள் போகப்போகிறவர்களின் சம்மரியை முந்தின மாலையே வரைவாகத் தட்டச்சு செய்து வைக்கச் சொல்லி, இரண்டு வாரம் மறுபடி அளங்கள். மலையில் இதற்கு ஒரு கூடுதல் அர்த்தம் உண்டு. ஊருக்குக் கடைசி பஸ் போன பிறகு பில் முடிந்தால், நோயாளி இன்னொரு இரவு அதே படுக்கையில் கிடப்பார். எத்தனை பேர் அப்படித் தங்கினார்கள் என்று ஒரு வரியில் காட்டுங்கள். நிர்வாகம் அந்த வரியைத்தான் முதலில் படிக்கும்.

நோயாளியின் குரல்தான் வேண்டும் என்று கைடு பிடிவாதமாக இருந்தால், சம்மதம் வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போய் ஒரு வாரம் கழித்துப் போனில் கேளுங்கள். அபிப்பிராயம் கேட்காமல் நடந்ததைக் கேளுங்கள்: "மாத்திரையை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று யார் சொன்னார்கள்? மறுபடி எப்போது வரச் சொன்னார்கள்?"

எதுவானாலும் நிர்வாகத்தின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தேவையா என்று கல்லூரியில் கேளுங்கள். நோயாளியின் பெயரோ ஐ.பி. (உள்நோயாளி) எண்ணோ உங்கள் தாளில் இருக்கக் கூடாது. 1, 2, 3 என்று ஆய்வு எண் போடுங்கள்.

கேள்வி: பயிற்சிக்குப் போன மருத்துவமனையில் ஒரு மாதமாக என்னை முன்பதிவு கவுன்ட்டரிலேயே உட்கார வைத்திருக்கிறார்கள். (கொடைக்கானல்)

ஒரு வாரத்துக்கு மேல் அங்கே கற்க ஒன்றுமில்லை. புகார் செய்யாதீர்கள், அட்டவணையோடு போங்கள். மருத்துவப் பதிவேட்டுப் பிரிவு ஒரு வாரம், ஸ்டோரும் ஃபார்மசியும் இரண்டு வாரம், பில்லிங்கும் காப்பீடும் இரண்டு வாரம், சி.எஸ்.எஸ்.டி.யும் (கருவிகளைக் கிருமி நீக்கும் பிரிவு) கழிவு மேலாண்மையும் ஒரு வாரம், தரப் பிரிவு ஒரு வாரம். ஒவ்வொரு பிரிவிலும் நீங்கள் செய்துகொடுக்கும் ஒரு வேலையையும் பக்கத்தில் எழுதுங்கள். பதிவேட்டுப் பிரிவில் ஐம்பது கேஸ் ஷீட்டை எடுத்துத் தேதி, நேரம், கையெழுத்து விடுபட்டவற்றைப் பட்டியலிடலாம். என்.ஏ.பி.எச். (மருத்துவமனைத் தர அங்கீகாரம்) நுழைவுநிலைக்குத் தயாராகும் சிறு மருத்துவமனைகளுக்கு அந்தப் பட்டியல் உடனே பயன்படும். கைடின் கையெழுத்தோடு கடிதமாகக் கொடுங்கள், ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: சி.எஸ்.எஸ்.டி.யில் ஆட்டோகிளேவ் (நீராவியால் கிருமி நீக்கும் கலன்) கேஜ் 15 பி.எஸ்.ஐ. அழுத்தம் காட்டுகிறது. பாடப் புத்தகமும் 15 என்கிறது. ஆனாலும் கிருமி நீங்கியதா என்று காட்டும் இண்டிகேட்டர் அடிக்கடி ஃபெயில் ஆகிறது. மெஷின் பழுதா? (கொடைக்கானல்)

நல்ல கேள்வி. புத்தகத்தின் 15 கடல் மட்டத்துக்கானது. கேஜ் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலான அழுத்தம் மட்டுமே. கடல் மட்டத்தில் வெளிக்காற்று சுமார் 14.7, அதோடு 15 சேர்ந்து ஏறக்குறைய 30 ஆகும்போதுதான் நீராவி 121 டிகிரியைத் தொடும். கொடைக்கானல் சுமார் 2100 மீட்டர் உயரம். அங்கே வெளிக்காற்று 11.4 அளவில்தான். கேஜில் 15 என்றால் உள்ளே 117 டிகிரி. 121 வேண்டுமென்றால் கேஜ் 18-க்கு மேல் காட்ட வேண்டும், ஊட்டியில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. எனவே அழுத்தத்தைப் பார்க்காமல் வெப்பநிலையைப் பாருங்கள், உயிரியல் இண்டிகேட்டர் முடிவையும் சேர்த்துப் பாருங்கள். டிரம்மை அமுக்கி நிரப்பினாலும் உள்ளே காற்று சிக்கினாலும்கூட இதேபோல ஃபெயில் ஆகும், அதையும் விலக்க வேண்டும்.

நீங்கள் வால்வைத் தொடாதீர்கள். பயோமெடிக்கல் இன்ஜினியரிடம் எழுதிக் கொடுங்கள். அந்தக் கலன் எவ்வளவு தாங்கும் என்று தயாரிப்பாளர்தான் சொல்ல வேண்டும். நிர்வாகம் படிப்பவருக்கு இதில் உள்ள பாடம் கொள்முதலில் இருக்கிறது. ஆட்டோகிளேவோ ஜெனரேட்டரோ ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரோ எது வாங்கினாலும், கொட்டேஷன் கேட்கும் தாளிலேயே இடத்தின் உயரத்தை எழுதுங்கள். உயரம் ஏற ஏற இவற்றின் திறன் குறையும். எழுதாமல் வாங்கிவிட்டுப் பிறகு கேட்டால் பதில் கிடைக்காது.

கேள்வி: பாதுகாப்பு இருப்பு (தட்டுப்பாட்டைச் சமாளிக்க வைக்கும் கூடுதல் சரக்கு) எத்தனை நாளுக்கு வைக்க வேண்டும்? ஒவ்வொரு புத்தகமும் ஒன்று சொல்கிறது. (பந்தலூர்)

நாள் கணக்கை மனப்பாடம் செய்யாதீர்கள், கணக்குப் போடுங்கள். சலைன் தினம் 40 பாட்டில், சரக்கு வர 3 நாள் என்றால் 120. மோசமான நாளில் 50 செலவாகும், மழையில் சாலை அடைபட்டு 6 நாள் ஆகும் என்றால் 300. வித்தியாசமான 180-தான் பாதுகாப்பு இருப்பு. கையிருப்பு 300-ஐத் தொட்டதும் ஆர்டர் போக வேண்டும். கூடலூர், பந்தலூருக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இந்தக் கணக்கு. குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் சோதனை, மண்சரிந்தால் மேட்டுப்பாளையம் சாலை நின்றுவிடும். எல்லாப் பொருளுக்கும் இப்படி வைத்தால் பணம் முடங்கும், காலாவதியும் ஆகும். உயிர்காக்கும் பொருட்களுக்கு மட்டும் வைத்து, முதலில் காலாவதியாவதை முதலில் கொடுங்கள்.

கேள்வி: மழையில் மருத்துவக் கழிவு வண்டி வராவிட்டால்? (மஞ்சூர்)

2016 விதிகளின்படி உடற்பாகங்கள், ரத்தம் தோய்ந்த பஞ்சு, கட்டுத்துணி போன்றவற்றை 48 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. தவிர்க்க முடியாவிட்டால் பாதுகாப்பாக வைத்து, காரணத்தோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். போனில் சொன்னால் ஆதாரம் நிற்காது, எழுத்தில் அனுப்புங்கள்.

கேள்வி: படித்து முடித்தால் மலையிலேயே வேலை உண்டா, கோவைக்குத்தான் போக வேண்டுமா? (கூடலூர்)

முதல் இரண்டு வருடம் 200 படுக்கைக்கு மேல் உள்ள ஓர் இடத்தில் இருப்பது நல்லது. பிரிவுகள் தனித்தனியாக இயங்குவதை அங்கேதான் பார்க்க முடியும். பிறகு தாராளமாக மலைக்குத் திரும்பலாம். இங்கே சிறு மருத்துவமனையில் ஸ்டோர், காப்பீடு, தரம், ஆட்கள் நான்கையும் ஒருவரே பார்க்க வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட ஆளுக்குத் தட்டுப்பாடு இருக்கிறது. கூடலூரிலேயே இருக்கும் உங்களுக்குப் படிக்க ஒரு பாடம் பக்கத்தில் உண்டு. 1990-ல் தொடங்கிய அஸ்வினி அமைப்பு ஆதிவாசிகளையே செவிலியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் பயிற்றுவித்து மருத்துவமனை நடத்துகிறது. அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை ரத்த நோய் உள்ளவர்களை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனிக்கப் பதிவேடு எப்படி இருக்க வேண்டும் என்பது எம்.எச்.ஏ. மாணவர் கற்க வேண்டிய விஷயம். அனுமதி கேட்டு முறையாக எழுதுங்கள், முன்னறிவிப்பு இல்லாமல் போய் நிற்காதீர்கள்.

கேள்வி: எந்த சாஃப்ட்வேர் கற்றுக்கொள்ள வேண்டும்? (ஊட்டி)

எக்செல். பிவட் டேபிள் (பெரிய பட்டியலை வகைப்படி சுருக்கும் அட்டவணை), இரண்டு நேரங்களுக்கு இடையிலான வித்தியாசம் கணக்கிடுவது, ஒரு பட்டியலை இன்னொன்றோடு ஒப்பிடுவது. இவை மூன்றும் கைக்கு வந்த பிறகு மற்றவை. மருத்துவமனை கொடுக்கும் கோப்பில் பெயர், போன் எண் கலங்களை அவர்களிடமே நீக்கச் சொல்லி வாங்குங்கள், உங்கள் பென் டிரைவில் ஏற்றிய பிறகு நீக்காதீர்கள்.