கரகரன்னு சத்தம் வந்தா அஞ்சு ட்யூபையும் மாத்தணுமா?

கேள்வி: அண்ணா, ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியர்னு ஒரு கிடார் ட்யூப் ஆம்ப் (கண்ணாடி வால்வுல ஓடுற ஆம்ப்ளிஃபயர்) செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன். ஆன் பண்ணி கொஞ்ச நேரம் நல்லா இருக்கு, சூடானதும் கரகரங்குது, சில நோட்ஸ் வாசிச்சா கூடவே ணங்னு ஒரு சத்தம். சர்வீஸ் கடையில திறந்துகூட பாக்காம அஞ்சு ட்யூபையும் மாத்தணும்ங்கறாங்க. மாத்திடவா?

பதில்: இப்போதைக்கு வேணாம் தம்பி. அதுல சின்ன ட்யூப் மூணு, 12ஏஎக்ஸ்7. பவர் ட்யூப் ரெண்டு, ஈஎல்84. அஞ்சும் சேர்ந்தாப்ல கெட்டுப்போறது அபூர்வம், எதுல கோளாறுன்னு பாக்காம காசை வாங்குறது சரியே இல்ல. வீட்டுலயே பாத்துடலாம். கிடாரைக் கழட்டிட்டு மாஸ்டர்னு போட்டிருக்கற வால்யூம் நாபை ஜீரோவுல வைங்க. கரகர நின்னுட்டா முதல் ரெண்டு சின்ன ட்யூப் பக்கம் தேடணும், நிக்கலைன்னா மூணாவது சின்ன ட்யூப், பவர் ட்யூப், இல்லைன்னா பவர் சப்ளை. நாபைத் திருப்பும்போது மட்டும் கரகரன்னா அது ட்யூபே இல்ல, உள்ள தூசி, கடையில கொடுத்து கான்டாக்ட் க்ளீனர் அடிக்கச் சொன்னா போதும்.

அடுத்து வால்யூமைப் பாதியில வச்சுட்டு ஒரு பென்சிலோட ரப்பர் முனையால ஒவ்வொரு ட்யூபையும் லேசா தட்டுங்க, தகர மூடி இருந்தா அது மேலயே தட்டலாம். இன்புட் ஜாக் பக்கத்துல இருக்கற முதல் ட்யூப் கொஞ்சம் டொக்குன்னு கேக்கும், அது சகஜம். தட்டினா மணி அடிச்ச மாதிரி ஸ்பீக்கர்ல இழுத்துக் கேக்குதுன்னா அந்த ட்யூப் மைக்ரோஃபோனிக் ஆயிடுச்சு, அதாவது மைக் மாதிரி அதிர்வையே சத்தமா மாத்துது, அதை மட்டும் மாத்துங்க. நல்ல 12ஏஎக்ஸ்7 ஒண்ணு வாங்கி வச்சுகிட்டு ஒவ்வொரு இடமா போட்டுப் பாத்தாலே தெரிஞ்சிடும், அப்புறம் ஸ்பேராவும் ஆகும். ஆனா கழட்டறதுக்கு முன்னாடி ஆஃப் பண்ணி, ப்ளக்கைப் பிடுங்கி, நல்லா ஆற விடுங்க, சுடுற ட்யூபைத் தொட்டா தோலே போயிடும்.

கண்ணாலயும் பாருங்க. கண்ணாடி உள்ள வெள்ளி பூசின மாதிரி இருக்கற இடம் பால் மாதிரி வெளுத்திருந்தா காத்து புகுந்துடுச்சு, அந்த ட்யூப் அவ்ளோதான். பவர் ட்யூப் உள்ள இருக்கற தகடே செவசெவன்னு பழுத்தா உடனே ஆஃப் பண்ணிடுங்க. நீல வெளிச்சம் தெரிஞ்சா பயப்பட வேணாம். பவர் ட்யூப் மட்டும் மேட்ச் பண்ணின, அதாவது அளந்து பாத்து ஒண்ணு போல இருக்கற, ஜோடியா வாங்கணும்.

ட்யூப் மாத்தியும் போகலையா, ட்யூபை அந்தப் பென்சிலால லேசா ஆட்டினா சத்தம் வந்து வந்து போகுதா, அப்போ சாக்கெட்ல சால்டர் விட்டிருக்கலாம். கடையில அதை மட்டும் பாத்து ரீசால்டர் பண்ணச் சொல்லுங்க, எதை மாத்தினாலும் பழைய ட்யூபைக் கேட்டு வாங்கிக்கங்க. சேசிஸை, அதாவது சர்க்யூட் இருக்கற உள் தகரப் பெட்டியை, நீங்களா திறக்கவே திறக்காதீங்க, உள்ள 300 வோல்ட்டுக்கு மேல ஓடுது, ப்ளக்கைப் பிடுங்கினாலும் கெப்பாசிட்டர்ல கரண்ட் நிக்கும், உயிருக்கே ஆபத்து.

கேள்வி: அண்ணே, மாமா அமெரிக்காவுல இருந்து ட்யூப் ஆம்ப் கொண்டு வந்திருக்காரு, பின்னாடி 120 வோல்ட்னு போட்டிருக்கு. ட்ராவல் அடாப்டர் மாட்டினா போதுமா?

பதில்: போடவே போடாதீங்க! அது பின்னை மட்டும்தான் மாத்தும், 230 வோல்ட் அப்படியே உள்ள போய் ஃப்யூஸ் போனா தப்பிச்சோம், இல்லைன்னா ட்ரான்ஸ்ஃபார்மரே போயிடும். 15 வாட் ஆம்புக்கு 500 விஏ ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் தாராளம். ஹேர் ட்ரையருக்குன்னு விக்கிற கையடக்க கன்வெர்ட்டர் இதுக்கு ஆகாது. ஸ்டெப் டவுன் வாங்கும்போது கடையிலேயே அவுட்புட் சாக்கெட்டைப் பாருங்க, ரெண்டு ஓட்டைதான்னா வேணாம், மூணு பின் இருக்கணும், எர்த் உள்ளிருந்து வெளிய வரைக்கும் வருதான்னு மல்ட்டிமீட்டர் வச்சுக் காட்டச் சொல்லுங்க. எர்த் இல்லாம வாசிச்சா ம்ம்னு ஹம் சத்தம் வர்றது மட்டும் இல்ல, ஆம்ப்ல லீக் ஆச்சுன்னா கிடார் கம்பி வழியா ஷாக் உங்க கைக்குத்தான் வரும். கரண்ட் போனா பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்ல இதை ஓட்டாதீங்க, ட்ரான்ஸ்ஃபார்மர் உறுமும், சூடாகும். முக்கியமா, ஸ்பீக்கர் ஒயர் மாட்டாம ஆன் பண்ணிடாதீங்க.