கேளுங்க சொல்றோம்: 110 கிலோ ஆளுக்குப் பாராசூட் கிடைக்குமுங்களா?

கேள்வி: அண்ணா வணக்கமுங்க. எனக்கு வயசு 29, உசரம் 5 அடி 10 அங்குலம், எடை 110 கிலோ. முறையா கோர்ஸ் சேர்ந்து தனியா ஸ்கைடைவிங் பண்ணக் கத்துக்கோணும்னு ரொம்ப நாள் ஆசை. மொதல்ல ஒரு டாண்டம் குதிச்சுப் பாக்கலாம்னு ஒரு எடத்துக்கு ஃபோன் பண்ணுனா, 100 கிலோவுக்கு மேல எடுக்கறதில்லீங்கன்னு வெச்சுட்டாங்க. ஃப்ரெண்டுக வேற 'நீ ஏறுனா ஏரோப்ளேனே ஒரு பக்கமா சாஞ்சுரும்'னு ஓட்டறானுக. என்னையாட்ட ஆளுக்கு ஏத்த சாமான் இருக்குதுங்களா, இல்ல ஆசைய மூட்டை கட்டி வெச்சரட்டுங்களா?
– வாசகர், பெருந்துறை

பதில்: மூட்டை எல்லாம் கட்ட வேண்டாம் தம்பி, சாமான் இருக்குது. ஆனா எல்லா எடத்துலயும் இருக்காது, அதுதான் சிக்கலே.

மொதல்ல அந்த டாண்டம் விசயத்தப் பாத்தரலாம். டாண்டம்னா ஒரே பாராசூட்ல ரெண்டு பேரு, நீங்களும் உங்க முதுகுல ஒட்டிக்கிட்டு வர்ற இன்ஸ்ட்ரக்டரும். நெறைய டாண்டம் ரிக்குல (ரிக்னா பாராசூட், பை, பட்டை எல்லாம் சேந்த செட்) ஆளு சாமான் எல்லாம் ஒட்டுக்கா சேத்து 500 பவுண்டு, அதாவது 227 கிலோ சுமாருக்குத்தான் அனுமதி. நீங்க 110, இன்ஸ்ட்ரக்டர் ஒரு 80, ரிக் 25னு வெச்சாலே 215 ஆயிப்போச்சு. கணக்குக்கு உள்ளதான் வருது, ஆனா எறங்கறப்ப அத்தனை எடையையும் கட்டி மேய்க்கறது அந்த இன்ஸ்ட்ரக்டரோட கையும் காலும்தான், அதனால ஒவ்வொரு எடத்துலயும் அவங்கவங்க ஆளு, பாராசூட் சைஸ் எல்லாம் பாத்து 90, 100, 110னு ஒரு கோடு போட்டு வெச்சிருக்காங்க. உங்களை வேண்டாம்னது அந்தக் கோடுதான், ஸ்கைடைவிங்கே உங்களுக்கு ஆகாதுன்னு யாரும் சொல்லலை.

தனியா குதிக்கற கோர்ஸ்ல கணக்கே வேற. அங்க பாக்கறது எக்சிட் வெயிட், அதாவது ப்ளேன் கதவை விட்டு வெளிய போறப்ப உங்க ஒடம்பு, துணி, ஷூ, ஹெல்மெட், முதுகுல இருக்கற ரிக் எல்லாம் சேத்து எத்தனைன்னு. ஸ்டூடண்ட் ரிக் கொஞ்சம் கனமாத்தான் இருக்கும், மத்ததையும் சேத்து 15 கிலோன்னு போட்டுக்குங்க. 110 கூட 15, மொத்தம் 125 கிலோ. இந்தத் தொழில்ல எல்லாமே பவுண்டுக் கணக்கு, அதனால 2.2-ஆல பெருக்குனா 275 பவுண்டு. இதை பாராசூட்டோட சதுர அடியால வகுத்தா வர்றதுக்குப் பேரு விங் லோடிங். கேனபி, அதாவது மேல விரியற பாராசூட் துணி, 300 சதுர அடின்னா 0.92, 260ன்னா 1.06, 220ன்னா 1.25. புதுசா கத்துக்கறவங்களுக்கு 1-க்குக் கீழ இருந்தா நிம்மதி. அதுக்கு மேல போகப் போக கேனபி வேகமா ஓடும், வேகமா எறங்கும், திருப்புனா வெடுக்குனு திரும்பும், கடைசில ரெண்டு கையையும் கீழ இழுத்து வேகத்தக் கொறைக்கற ஃப்ளேர் ஒரு நொடி தப்புனாக்கூட கணுக்கால் தாங்காது. அதனால உங்களுக்குத் தேவை 280, 300 சைஸ். ஸ்டூடண்ட்டுகளுக்குன்னே பெர்ஃபார்மன்ஸ் டிசைன்ஸ் கம்பெனி பண்ற நேவிகேட்டர் கேனபில 300 வரைக்கும் வருது. '220தான் இருக்குது, பரவால்ல சமாளிச்சுக்கலாம்'னு யாராச்சும் சொன்னா சிரிச்ச மொகமாவே ஒரு கும்பிடு போட்டுட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிங்க.

இதுல இன்னொண்ணையும் ரோசனை பண்ணோணும். வெயில் ஏறுனா காத்து எளகிரும், எளகுன காத்துல அதே கேனபி இன்னும் வேகமா எறங்கும். கடல் மட்டத்துல இருந்து ஒசரத்துல இருக்கற எடத்துலயும் அப்படித்தான், நம்ம கோயமுத்தூரே 400 மீட்டர் சுமாருக்கு இருக்குதுல்ல. மெலிஞ்ச ஆளுக்கு இது பெருசாத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். மொத நாலஞ்சு குதியை காலங்காத்தால வெச்சுக்கறது உத்தமம்.

அடுத்தது ரிசர்வ், அதாவது மெயின் பாராசூட் கை விட்டா விரிக்கற ரெண்டாவது பாராசூட். பெரிய மெயின் பாராசூட் இருக்குதான்னு எல்லாரும் கேக்கறாங்க, ரிசர்வ் எத்தனைன்னு ஒருத்தரும் கேக்கறதில்லை. மெயின் ஒழுங்கா விரியாத அன்னிக்கு உங்க 125 கிலோவும் அதுலதான் தொங்கும். ரிசர்வ் துணியிலயும், ஒடம்போட மாட்டற பட்டைச் செட்டான ஹார்னஸ்லயும் எத்தனை பவுண்டு, எத்தனை வேகம் வரைக்கும் தாங்கும்னு லேபிள் தெச்சிருப்பாங்க, நம்ம சங்ககிரி லாரிக்கு ஆர்சி புக்குல ஏத்தற எடை போட்டிருக்கற மாதிரி. பழைய அமெரிக்கத் தரத்துல வந்த சாமான்ல 254 பவுண்டுன்னு போட்டிருக்கறது உண்டு, அதாவது 115 கிலோ. உங்க எக்சிட் வெயிட் 125. ஆக அந்த ரிக் எத்தனை புதுசாட்டத் தெரிஞ்சாலும் உங்களுக்கு ஆகாது. இதுல மட்டும் 'பத்து கிலோதானே'ங்கற பேச்சே கூடாது.

அப்புறம் ஹார்னஸ். எடை கணக்குக்கு உள்ள வந்தாலும் ஒடம்புக்குப் பொருந்தோணும், இதைத்தான் யாரும் சொல்லித் தர்றதில்லை. தொடைல மாட்டற பட்டை சுத்தி வந்ததுக்கு அப்புறமும் கொஞ்சம் மிச்சம் இருக்கோணும், கடைசி நுனில பிடிச்சு நின்னா வேண்டாம். தோள்ல இருந்து இடுப்புக்கு எறங்கற பட்டை நீளமாப் போச்சுன்னா, பாராசூட் விரிஞ்சு தொங்கறப்ப நெஞ்சுப் பட்டை கழுத்துக்கு வந்துரும். இப்ப முக்கியமான சங்கதி: ஹார்னஸை மாட்டி இறுக்கிட்டு குனிஞ்சு பாருங்க, வலப்பக்கம் மெயினை அத்து விடற கைப்பிடியும் இடப்பக்கம் ரிசர்வ் கைப்பிடியும் கண்ணுக்குத் தெரியுதான்னு. நெஞ்சும் வயிறும் கொஞ்சம் முன்னால இருக்கற ஆளுக்கு அது ரெண்டும் மடிப்புக்குள்ள போயி ஒளிஞ்சுக்கும். நின்னுக்கிட்டுப் பாத்தா மட்டும் பத்தாது, ட்ரெய்னிங் எடத்துல தொங்கற ஹார்னஸ் வெச்சிருப்பாங்க, அதுல தொங்கிப் பாருங்க, பட்டை எல்லாம் மேல ஏறி கைப்பிடி எடம் மாறியிருக்கும். அதே மாதிரி மெயினை விரிக்கற கைப்பிடி பெரும்பாலும் ரிக்கோட அடில, வலது இடுப்புக்குப் பின்னால இருக்கும். தோள்பட்டை சதை போட்டவங்களுக்கு கை அங்கன எட்டறதே ஒரு வேலை. மாட்டிக்கிட்டு கண்ணை மூடி கையைக் கொண்டு போங்க. தடவித் தொலாவுனீங்கன்னா அந்த ரிக் வேண்டாம், வேற கொண்டாங்கன்னு கேளுங்க, வெக்கப்படாதீங்க.

இன்னும் ஒண்ணே ஒண்ணு. ஸ்டூடண்ட் ரிக்குல ஏஏடின்னு ஒரு சின்னப் பொட்டி இருக்கும், நீங்க எதையும் இழுக்காம விழுந்துட்டே இருந்தா அதுவே ரிசர்வைத் தொறந்து விட்டுரும். ஏர்டெக் கம்பெனியோட சைப்ரஸ் ஏஏடில ஸ்டூடண்ட் மாடல் நொடிக்கு 13 மீட்டர் வேகத்துலயே வேலை செய்யும், அனுபவசாலிக வெச்சிருக்கற மாடல் 35 மீட்டர்ல. 13ங்கறது கம்மிதான். எடை எச்சான ஆளு, கேனபி விரிஞ்சு கீழ வந்ததுக்கு அப்புறம் குஷில சுத்திச் சுத்தித் திருப்புனா அந்த வேகம் வந்துரும், நல்லா விரிஞ்ச மெயினோட ரிசர்வும் தொறந்துக்கும். அதனால கீழ வந்தாச்சுன்னா வட்டம் அடிக்காதீங்க.

கேள்வி: என்ற வூட்டுக்காரருக்கு 104 கிலோ. டாண்டம் குதிக்கப் போறேன்னு ஃபாரம்ல 95ன்னு எழுதிப்போட்டாரு. கேட்டா, 'அங்க யாரு எடை போட்டுப் பாக்கறா'ங்கறார். நீங்களாச்சும் சொல்லுங்க.
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: அம்முணி, ஒழுங்கான எடமா இருந்தா வாசல்லயே மெசின்ல நிறுத்தித்தான் உள்ள உடுவாங்க, அதுவும் ஜீன்ஸ் ஷூ எல்லாம் போட்டுக்கிட்டு. அப்ப 106ன்னு காட்டும், திருப்பித் தாட்டி உட்டுருவாங்க, பணமும் வராது. எடை போடாத எடமா இருந்தா அது அதை விட மோசம். அந்த 9 கிலோ பொய்யை அவரு மட்டும் சொமக்கறதில்லை, முதுகுல கட்டிக்கிட்டு வர்ற இன்னொரு வீட்டுப் பையனும் சேந்து சொமக்கறான். சக்கரை, பிரசர், முட்டி வலி, முதுகு ஆபரேசன் ஏதாச்சும் இருந்தா அதையும் மறைக்காம டாக்டர் கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போகச் சொல்லுங்க.

அவரை இன்னிக்கே ஒரு காரியம் பண்ணச் சொல்லுங்க. நாற்காலி நுனில உக்காந்து ரெண்டு காலையும் முன்னால நீட்டி இடுப்பு ஒசரத்துக்குத் தூக்கி ஒரு பத்து எண்ணற வரைக்கும் வெச்சிருக்கோணும். டாண்டம்ல எறங்கறப்ப இன்ஸ்ட்ரக்டர் கால் ஊனி நின்னு எறக்குனாலும் சரி, உக்காந்த வாக்குல சறுக்கி எறக்குனாலும் சரி, பயணி காலைத் தூக்கிட்டே இருக்கோணும். வயிறு இருக்கறவங்களுக்கு அந்தக் காலைத் தூக்கறதுதான் மல்லுக்கட்டே. முடியலைன்னா ரெண்டு மாசம் பழகிட்டுப் போகட்டும், வானம் எங்கயும் போயிராது.

கேள்வி: நாங்க பனியன் கம்பெனிதானுங்க, வூட்டுலயே மெசின் கெடக்குது. எனக்கு 118 கிலோ, எங்க தேடுனாலும் ஜம்ப்சூட் சைஸ் கெடைக்க மாட்டேங்குது. நாமளே தெச்சுக்கலாமுங்களா? அப்படியே அந்த ஹார்னஸ் பட்டையும் ஒரு அரை அடி சேத்து அடிச்சுக்கலாமான்னு ஒரு ரோசனை.
– வாசகர், திருப்பூர்

பதில்: சூட்டு தாராளமா தெய்ங்க. பட்டைல கை வெச்சீங்கன்னா நானே திருப்பூர் வந்து மெசினைப் புடுங்கிருவேன்!

ஹார்னஸ் நாடா, அதுல போடற நூல், தையல் பாணி எல்லாத்துக்கும் தரம் எழுதி வெச்சிருக்காங்க, அதை நீட்டறதும் கொறைக்கறதும் அதுக்குன்னே லைசென்ஸ் வாங்குன ரிக்கர், அதாவது பாராசூட் மடிச்சுப் பழுது பாக்கறவருதான் பண்ணோணும், அதுலயும் ஹார்னஸை மாத்தறதுன்னா அமெரிக்காவுல மாஸ்டர் ரிக்கர்னு மேல் படி லைசென்ஸ் இருக்கறவங்களுக்குத்தான் அனுமதி.

ஜம்ப்சூட்டுல உங்க கைவரிசையைக் காட்டலாம். சாதாரணமா வயிறு கீழ பாக்க விழறவங்க மணிக்கு 190 கிலோமீட்டர் சுமாருக்கு விழுவாங்க, எடை எச்சான ஆளு இன்னும் வேகமாப் போவாரு, கூட வர்ற மெலிஞ்ச இன்ஸ்ட்ரக்டர் உங்களைத் தொரத்திப் பிடிக்கவே அவரு இடுப்புல ஈயக்குண்டு கட்டிக்கிட்டு வர்ற நெலமை ஆகும். அதனால உங்க சூட்டு காத்தைப் பிடிச்சு வேகத்தக் கொறைக்கற மாதிரி இருக்கோணும், வழுவழுன்னு இருக்கற நைலான் வேண்டாம், பாலிகாட்டன் எடுத்து கையிலயும் கால்லயும் கொஞ்சம் தொளதொளன்னு வெட்டுங்க. நீட்டக்கூடிய பனியன் துணி இதுக்கு ஆகாது. கைக்கு மேலயும் தொடைக்கு வெளியவும் தடிமனா ஒரு கிரிப்பர் வெச்சுத் தெய்ங்க, இன்ஸ்ட்ரக்டருக அதைப் பிடிச்சுத்தான் கூட வருவாங்க. முட்டிக்கும் பின்பக்கத்துக்கும் ரெட்டைத் துணி. தொளதொளன்னு இருக்கறது கையோட காலோட நிக்கட்டும், இடுப்புகிட்ட துணி மிச்சம் இருந்தா அது பறந்து கைப்பிடியை மூடிரும்.

கேள்வி: அமெரிக்காவுல இருக்கற மாமா பையன் அவனோட பழைய ரிக்கை சல்லிசாத் தர்றேங்கறான். மெயின் 190. எனக்கு 98 கிலோ, இதுவரைக்கும் ஒருக்கா கூட குதிச்சதில்லை, கோர்ஸ் சேரப் போறேன். வாங்கிப்போடலாமா ப்ரோ?
– வாசகர், சரவணம்பட்டி

பதில்: வேண்டாம் ப்ரோ. 98 கூட 12 போட்டா 110 கிலோ, 242 பவுண்டு, 190-ஆல வகுத்தா 1.27. நீங்க ஸ்டூடண்ட். 'அப்ப 260 மெயின் ஒண்ணு தனியா வாங்கி அதுக்குள்ள வெச்சுக்கறேன்'னு அடுத்த கடுதாசி போடுவீங்க, அதுவும் ஆகாது, 190-க்குத் தெச்ச கண்டெய்னர்ல, அதாவது முதுகுப் பைல, 260 அடங்காது, திணிச்சு மூடுனா விரிய வேண்டிய நேரத்துல மக்கர் பண்ணும். ஹார்னஸும் அவன் ஒடம்பு அளவுக்குத் தெச்சது. அதோட ஏஏடிக்கு ஆயுசு தேதி இருக்குது, ரிசர்வை அமெரிக்க விதிப்படி 180 நாளைக்கு ஒருக்கா ரிக்கர் பிரிச்சு மடிக்கோணும், அந்தச் சீட்டெல்லாம் அவன் கிட்ட இருக்குதா என்னமோ. சொந்தக்காரன்ங்கறதால வெலை பேசக்கூட முடியாது, அது வேற.

அமெரிக்க பாராசூட் சங்கத்தோட மொதப் படி லைசென்ஸான ஏ லைசென்ஸுக்கு கொறைஞ்சது 25 குதி. அது முடியற வரைக்கும் ஸ்கூல் ரிக்கே போதும். கை அரிக்குதுன்னா ஹெல்மெட், கண்ணாடி, மணிக்கட்டுல கட்டற ஆல்டிமீட்டர் (உசரம் காட்டற மீட்டர்) மூணையும் வாங்குங்க, அதுக்கு எடையும் இல்ல சைஸ் தகராறும் இல்ல.

கேள்வி: இதெல்லாம் நம்மூருப் பக்கம் எங்கீங்க இருக்குது? பொள்ளாச்சில பலூன் விடறாங்களே, அதுல இருந்து குதிக்க உடுவாங்களா? சேலை கட்டிக்கிட்டுக் குதிக்கலாமான்னு எங்க அப்பத்தா வேற கேக்குது.
– வாசகி, உடுமலை

பதில்: பொள்ளாச்சி பலூன் ஏறிப் பாத்துட்டு எறங்கறதுக்குத்தான் கண்ணு. நம்ம கொங்குப் பக்கம் எப்பவும் நடக்கற டிராப் ஸோன், அதாவது ஸ்கைடைவிங் குதிக்கற எடம் கெடையாது. டாண்டம்னா ஹரியானா நார்னோல் பக்கம் போறாங்க, கோர்ஸ்னா நம்மாளுக நெறைய தாய்லாந்து பட்டாயா போறாங்க. குதிக்காமயே மெதந்து பழகோணும்னா ஹைதராபாத்ல காத்துக் குழாய்ல மெதக்கற எடம் இருக்குது, அங்கயும் எடைக் கணக்கு உண்டு, கேட்டுட்டு டிக்கெட் போடுங்க. எங்க போறதா இருந்தாலும் காசு கட்டறதுக்கு முன்னாடி உங்க உசரம் எடையை எழுதி, அவங்ககிட்ட இருக்கறதுலயே பெரிய ஸ்டூடண்ட் மெயின் எத்தனை சதுர அடி, ரிசர்வ் லேபிள்ல எத்தனை பவுண்டு, ஹார்னஸ் இந்த அளவு ஆளுக்குப் பத்துமான்னு அவங்களைக் கேட்டு மெயில்ல பதில் வாங்கிக்குங்க.

அப்பத்தா கிட்டச் சொல்லுங்க, புனேக்காரங்க ஷீத்தல் மகாஜன், வட துருவத்துலயே குதிச்சவங்க, 2011-ல பத்மஸ்ரீ வாங்குனவங்க, 2018-ல பட்டாயாவுல ஒம்பது கெஜம் சேலை கட்டிக்கிட்டே குதிச்சாங்க. ஆனா அவங்க எத்தனையோ நூறு குதி குதிச்சுட்டு வந்தவங்க, மொதக் குதிக்கு சுடிதாரே கூட வேண்டாம், ட்ராக் பேண்ட் போதும்.

கேள்வி: ட்ரெக்கிங் ஷூ போட்டுக்கலாமா?
– வாசகர், அந்தியூர்

பதில்: கயிறு மாட்ட இரும்புக் கொக்கி வெச்ச ஷூ வேண்டாம், பாராசூட் கயிறு அதுல மாட்டிக்கும். கணுக்காலைப் பிடிச்ச மாதிரி இருக்கற சாதாரண கேன்வாஸோ ரன்னிங் ஷூவோ போதும், லேஸை உள்ள சொருகிக்குங்க.