டிஷ்வாஷரில் கழுவிய டம்ளரில் வெள்ளைப் படலம் படிவது ஏன்?

டம்ளரில் வெள்ளையாகப் படிகிறது, மெஷின் அடியில் தண்ணீரும் தேங்குகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வெவ்வேறு கோளாறு.

படலத்துக்குப் பெரும்பாலும் போர் தண்ணீர்தான் காரணம். படலத்தின்மேல் கொஞ்சம் வினிகர் விட்டுத் தேய்த்துப் பாருங்கள். போய்விட்டால் சுண்ணாம்புப் படிவு. போகாவிட்டால் கண்ணாடியே அரித்திருக்கலாம். அதற்கு மருந்து இல்லை. மெஷினுக்குள் இருக்கும் ரெசின் என்ற சின்னச் சின்ன மணிகள், தண்ணீரிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும். அந்த ரெசினைப் புதுப்பிக்கத்தான் மெஷினில் உப்பு போடுகிறோம். டிஷ்வாஷர் உப்பையே போடுங்கள். சமையல் தூள் உப்பில் கட்டி பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் பொருள் அதற்கு ஆகாது. உப்பு போட்டும் பயனில்லை என்றால், தண்ணீரின் கடினத்தன்மைக்கு (அதிலுள்ள கால்சியம், மக்னீசியம் அளவுக்கு) ஏற்ப செட்டிங்கை மாற்றினீர்களா? நானே ஆறு மாதம் மாற்றாமல்தான் ஓட்டினேன்.

தண்ணீர் தேங்குவதற்கு முதலில் அடியிலுள்ள ஃபில்டரைத் திருகிக் கழற்றுங்கள். எங்கள் வீட்டில் கடுகும் கறிவேப்பிலையும் சோற்றுப் பசையோடு சேர்ந்து அப்பிக் கிடந்தன. பழைய டூத்பிரஷால் தேய்த்தால் போதும். அப்புறம் பின்னால் டிரெய்ன் பைப் மடங்கியிருக்கிறதா பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் பம்பில் கோளாறு இருக்கலாம்; மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.