செருகி பொருந்தினால் போதுமா?

கேள்வி: என் கமோடோர் 64 கணினியின் ஒன்றாம் ஜாய்ஸ்டிக் போர்ட்டில் சேகா மெகா டிரைவ் என்ற விளையாட்டுக் கருவியின் கன்ட்ரோலரை நேரடியாகச் செருகினேன். விளையாட்டு நன்றாக ஓடுகிறது. ஆனால் அது செருகியிருக்கும் வரை பல எழுத்துகள் விழுவதில்லை. கணினிக்குக் கேடு உண்டா?

பதில்: உண்டு, முதலில் அதைக் கழற்றிவிடுங்கள். இரண்டுக்கும் ஒரே வடிவிலான ஒன்பது முனைச் செருகி என்பதால் வந்த மயக்கம் இது. 1982-இல் வந்த உங்கள் கணினி எதிர்பார்ப்பது அட்டாரி வகை ஜாய்ஸ்டிக்கை. அதில் இருப்பவை வெறும் ஸ்விட்சுகள். அழுத்தினால் கம்பி கிரவுண்டை, அதாவது 0 வோல்ட்டைத் தொடும், விட்டால் எதையும் தொடாமல் நிற்கும். மெகா டிரைவ் கன்ட்ரோலருக்குள்ளோ ஒரு சிப் இருக்கிறது. பட்டனை அழுத்தாதபோதும் அது கம்பியைச் சும்மா விடாமல் மேல் மின்னழுத்தத்தில் பிடித்து வைக்கிறது. விசைப்பலகையும் ஜாய்ஸ்டிக் போர்ட்டுகளும் அவற்றைப் படிக்கும் ஒரே 6526 சிப்பின் கம்பிகளைப் பகிர்ந்துகொள்வதால், விசையை அழுத்தும்போது கணினி கீழே இழுக்கும் கம்பியைக் கன்ட்ரோலர் மேலே இழுக்கிறது. எழுத்து விழாததற்குக் காரணம் இந்த இழுபறிதான்; நாளடைவில் 6526 பழுதாகவும் இதுவே வழி.

மின்சாரமும் இடம் மாறியிருக்கிறது. கணினி 5 வோல்ட்டை 7-ஆம் முனையில் தருகிறது. கன்ட்ரோலர் அதை 5-ஆம் முனையில் தேடுகிறது. உங்களுடையது இயங்கியதே, 7-ஆம் முனையிலுள்ள தெரிவுக் கம்பி (எந்தப் பட்டன்களைப் படிப்பது என்று தேர்ந்தெடுப்பது) வழியாகச் சிப்புக்குள் கசிந்த மின்சாரத்தால்தான்.

ஆகவே இடையில் ஒரு சிறு அடாப்டர் வேண்டும். கணினியின் 7-ஆம் முனையைக் கன்ட்ரோலரின் 5, 7 இரண்டோடும் இணையுங்கள். 8-ஆம் முனை கிரவுண்ட், அது நேராகப் போகட்டும். 1, 2, 3, 4, 6 ஆகியவற்றில் ஆளுக்கொரு ஷாட்கி டயோடை (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும், வோல்ட் இழப்பு குறைந்த பாகம்), அதன் கேத்தோடு முனை, அதாவது கோடு போட்ட பக்கம், கன்ட்ரோலரை நோக்கி இருக்குமாறு வையுங்கள். அதன்பின் கன்ட்ரோலரால் கம்பியைக் கீழே இழுக்க மட்டுமே முடியும். சாதாரண சிலிக்கான் டயோடில் ஏறத்தாழ 0.6 வோல்ட் இழப்பு உண்டு, 0.8 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால்தான் ‘அழுத்தப்பட்டது’ என்று கொள்ளும் கணினிக்கு அது மிகவும் நெருக்கமான எல்லை. கணினியின் 5, 9 முனைகளில் எதையும் இணைக்க வேண்டாம்.

இப்போது பி பட்டன் சுடும். கன்ட்ரோலரின் 9-ஆம் முனையிலிருந்து இன்னொரு டயோடை, அதன் கேத்தோடும் கன்ட்ரோலரை நோக்கியே இருக்க, கணினியின் 1-ஆம் முனைக்குக் கொண்டுபோனால், சி பட்டனை அழுத்தியே குதிக்கலாம். குதிக்க மேல்நோக்கித் தள்ளச் சொல்லும் விளையாட்டுகளில் அந்தச் சுகமே தனி.