வாசகர் கேள்வி பதில்: ஒரே சண்டை, இரண்டு வேகம்

கேள்வி: ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 சண்டை ஆட்டம், மெகா டிரைவ், சூப்பர் நின்டென்டோ என்ற இரண்டு பழைய கேம் கன்சோல்களிலும் என்னிடம் இருக்கிறது. மெகா டிரைவில் ஆட்டம் மந்தம். மேலும் கீழும் கறுப்புப் பட்டை. எது நல்லது? (வாசகர், ஹட்டன்)

பதில்: உங்கள் மெகா டிரைவ் ஐரோப்பிய 'பால்' (PAL) டிவி முறைக்கான வகையாக இருக்கும். அது வினாடிக்கு 50 படம். அமெரிக்க, ஜப்பான் கன்சோல்கள் 60. அறுபதுக்கு எழுதியதை அப்படியே ஐம்பதில் ஓட்டினால் வேகத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். படத்துக்கு 224 கோடுகள்தான். பால் திரையின் மிச்சக் கோடுகளே அந்தப் பட்டை. இரண்டையும் ஒரே வேகத்தில் வைக்காமல் தீர்ப்புச் சொல்வது அநியாயம்.

1993இல் சூப்பர் நின்டென்டோவுக்கு வந்த டர்போ, மெகா டிரைவுக்கு வந்த ஸ்பெஷல் சாம்பியன் எடிஷன் ஆகிய இரண்டு பதிப்புகளையும் அறுபதில் பார்த்தால், என் ஓட்டு சூப்பர் நின்டென்டோவுக்கே. வழக்கமாகத் திரையில் 256 நிறம் வரை காட்டும். மெகா டிரைவில் 64 தான். மெகா டிரைவில் குரல்கள் தொண்டை கட்டியதுபோல் கரகரக்கும். அதன் மூன்று பட்டன் பேடில் (கையில் பிடித்து ஆடும் கருவி) குத்துக்கும் உதைக்கும் மாற ஸ்டார்ட்டை அழுத்த வேண்டும், பெரிய தொல்லை! ஆறு பட்டன் பேட் வாங்கினால் பட்டன் விஷயத்தில் போட்டி சமமாகும்.

அறுபதில் ஆட அமெரிக்க கன்சோல் வைத்திருந்தால், அதன் 120 வோல்ட் அடாப்டரை நம் 230 வோல்ட்டில் நேரே செருகாதீர்கள், கருகிவிடும். அதன் படம் பழைய பால் டிவியில் கறுப்பு வெள்ளையாக வந்தால், டிவி மெனுவில் நிற முறையை 'ஆட்டோ'வுக்கு மாற்றுங்கள்.

மலையின் ஈரத்தில் காட்ரிஜ் (கன்சோலில் செருகும் ஆட்டப் பெட்டி) முனைகள் களிம்பேறிப் படம் சிதறும். வாயால் ஊதாமல், ஐசோபுரொப்பைல் அல்ககோல் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டுச் செருகுங்கள்.