கரகரப்பான ஒலிக்குப் பழைய சாம்ப்ளர்: கேள்வி-பதில்

பழைய ஹிப்ஹாப் பாட்டுகளில் வரும் கரகரப்பு வேண்டுமென்று அகாய் எம்பிசி 2000 சாம்ப்ளர் (ஒலித் துண்டுகளைப் பதிந்து, பொத்தானைத் தட்டி வாசிக்கும் கருவி) வாங்கினேன். ஒலி சுத்தமாகவே வருகிறது. ஏமாந்துவிட்டேனா?
வாசகர், பெரம்பூர்

யாரும் உங்களை ஏமாற்றவில்லை, நீங்கள்தான் விசாரிக்காமல் வாங்கிவிட்டீர்கள். அது 16 பிட் கருவி. சிடி தரத்தில் 44.1 கிலோஹெர்ட்ஸில் பதியும். இந்த இரண்டு எண்ணும் கூடக் கூட ஒலி சுத்தமாகும், குறையக் குறையக் கரகரக்கும். பழசு என்பதற்காகக் கரகரப்பு வந்துவிடாது.

1987-ல் வந்த ஈ-மியூ எஸ்பி-1200 என்ற சாம்ப்ளர் வெறும் 12 பிட், 26.04 கிலோஹெர்ட்ஸ். மொத்தமே சுமார் 10 வினாடிதான் பதியலாம். இடத்தை மிச்சம் பிடிக்க, நிமிடத்துக்கு 33 சுற்று ஓட வேண்டிய இசைத்தட்டை 45 சுற்றில் வேகமாக ஓட்டிப் பதிந்து, உள்ளே சுருதியையும் வேகத்தையும் பழையபடி இறக்கினார்கள். இறக்கும்போது மூலத்தில் இல்லாத அதிர்வுகள் வந்து சேர்ந்து, டிரம் சத்தத்தில் தகரத்தை உரசியது போல ஒரு முறுமுறுப்பு ஏறும். நீங்கள் தேடுவது அதைத்தான். இருக்கிற பெட்டியை விற்காதீர்கள். டிரம்மை ஒரு பழைய கேசட் டெக்கில் கொஞ்சம் கூடுதல் அளவில் பதிந்து, திரும்ப உள்ளே எடுத்துப் பாருங்கள்.

கரகரப்புக்கு, பிட்டைக் குறைக்கும் கணினி மென்பொருள் போதாதா?
வாசகி, திருவான்மியூர்

போதும்.

ஜப்பானிலிருந்து தருவித்த சாம்ப்ளரைச் செருகியதும் புகை வந்தது. விற்றவரிடம் பணம் கேட்கலாமா?
வாசகர், வேளச்சேரி

பின்பக்கம் 100 வோல்ட் என்று எழுதியிருந்ததைப் படித்தீர்களா? நம் வீட்டுச் சுவரில் வருவது 230. இத்தனை பணம் கொடுத்து வாங்கியவர் வோல்டைக் குறைத்துத் தரும் ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்கியிருக்க வேண்டாமா? இதில் விற்றவரைக் குறை சொல்ல முடியாது. மறுபடி செருகாமல் நல்ல மெக்கானிக்கிடம் கொடுங்கள். சேதம் பவர் சப்ளையோடு நின்றிருக்கவும் வாய்ப்புண்டு.

கடையில் அகாய் எஸ்950 சாம்ப்ளர் வாங்கினேன். பில்லில் ‘நன்றாக இயங்குகிறது’ என்று எழுதித் தந்தார்கள். பிளாப்பியில் இருந்த ஒலிகள் வாசிக்கின்றன, ஆனால் புதிதாக எதையும் பதிய முடியவில்லை. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லைக் காட்டுகிறார்கள்.
வாசகி, ஆதம்பாக்கம்

உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை அம்மா. இதே குழியில் நானும் விழுந்திருக்கிறேன். ரிச்சி தெருவுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் 12 பிட் சாம்ப்ளர் ஒன்றைப் பார்த்தேன். கடைக்காரர் பிளாப்பியைப் போட்டு டிரம்மைத் தட்டிக் காட்டினார், நெஞ்சில் இடித்தது. வீட்டுக்கு வந்து மைக்கைச் செருகிக் கத்துகிறேன், திரையில் அளவுக்கோடு ஒரு புள்ளி கூட அசையவில்லை. உள்ளீட்டுப் பகுதி செத்திருந்தது. என் பணம் போனது போனதுதான்.

இந்த வியாபாரத்தில் எனக்கு ஆறாத கோபம் இதில்தான். விளக்கு எரிகிறது, ஏற்கெனவே இருக்கும் ஒலி வாசிக்கிறது என்று காட்டி ‘ஒர்க்கிங்’ என்கிறார்கள். சாம்ப்ளர் என்றால் பதிய வேண்டும். பதியாதது வெறும் டிரம் பெட்டி, அதற்கு சாம்ப்ளர் விலை வாங்குவது அநியாயம். வாங்கப் போகும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: உங்கள் போனிலிருந்து ஒரு பாட்டை அங்கேயே பதியச் சொல்லுங்கள். பிளாப்பியில் சேமித்து, அணைத்துப் போட்டு, திரும்ப ஏற்றச் சொல்லுங்கள். ஒவ்வொரு வெளியீட்டு ஜாக்கிலும் ஒயரை மாற்றிக் கேளுங்கள். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, உங்கள் விஷயம். பில்லில் அச்சடித்த அந்த வரிக்குப் பயப்படாதீர்கள். பழுதான பொருளைத் திரும்பப் பெற மறுப்பதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள் கணக்கு. அதனால் இன்றைக்கே எழுத்தில் கேளுங்கள். பதியாமல் நிற்பதை வீடியோ எடுத்து வையுங்கள். கடைக்காரர் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும், 5 லட்சம் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. அதுவரை பெட்டியின் ஒரு திருகைக் கூடக் கழற்றாதீர்கள். ‘நீங்கள்தான் திறந்து கெடுத்தீர்கள்’ என்று சொல்லிவிடுவார்கள்.